நிருபர் கூப்பிடும்போது

வடகிழக்குப் பருவமழை வலுத்து, செம்பரம்பாக்கம் ஏரி 22 அடியைத் தாண்டினால், ஏரிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவருக்கு நிருபர்களிடமிருந்து போன் வரத் தொடங்கும். முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்குள் வேண்டும்?" ஆறு மணிக்குப் பக்கம் முடிப்பவருக்கு ஏழு மணிக்கு அனுப்பும் அருமையான பதில் வீண்.

போனில் பேசினாலும் மூன்று வரியை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். உங்கள் பெயரும் புத்தகத்தின் பெயரும் அச்சில் வரவேண்டிய எழுத்துகளிலேயே அதில் இருக்கட்டும்.

சறுக்குவது பெரும்பாலும் அலகில்தான். ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. திறந்துவிடும் நீரையோ விநாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்ல வேண்டும். அந்த "விநாடிக்கு" விடுபட்டால் கணக்கே அர்த்தமற்றுப் போகும். கூடவே ஓர் ஒப்பீடு கொடுங்கள்: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டிஎம்சி, அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி. எடிட்டர் கைவைக்காமல் விடும் வரி இப்படிப்பட்டதுதான்.

மதகைத் திறந்தது சரியா தவறா என்று கேட்பார்கள். நீங்கள் ஆராயாத விஷயமென்றால் ஊகிக்காதீர்கள். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் யாரையாவது கைகாட்டுங்கள். "இதைப் போடாதீங்க" என்பதையும் பேசும் முன்பே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். சொல்லி முடித்தபின் கேட்டால் நிருபருக்கு அது கட்டாயமில்லை.