கீழடியின் தக்களியும் வட்டச் சில்லும்

கீழடி அருங்காட்சியகத்தில் பொன் அணிகலன்களையும் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கிறது. நூல் நூற்க உதவும் சுடுமண் தக்களிகளும் உடைந்த பானையைத் தேய்த்துச் செய்த சில்லுகளும் இருக்கும் பேழைகளைப் பலர் நின்று பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்த ஊர் எப்படிப் பிழைத்தது, எப்படிப் பொழுதைக் கழித்தது என்பதை இவைதாம் நேராகச் சொல்கின்றன.

வைகைக் கரையில், மதுரைக்கு அருகே 2014-இல் தொல்லியல் ஆய்வாளர் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. அங்கு கிடைத்த ஒரு கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று கணித்தது. கண்டெடுத்த பொருள்களுக்காகச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டப்பட்ட இந்த அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது.

தக்களியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கையடக்கமான சுடுமண் வில்லை, அதன் நடுவில் ஒரு துளை, அவ்வளவுதான். துளையில் குச்சியைச் செருகிச் சுழற்றினால், வில்லையின் எடை சுழற்சியை நிற்காமல் ஓடவிட, கையிலிருக்கும் பஞ்சு முறுக்கேறி நூலாக இறங்கும். வில்லை இலேசாக இருந்தால் மெல்லிய இழையும், கனமாக இருந்தால் தடித்த இழையும் நூற்பது எளிது. இதோடு கூர்முனை கொண்ட எலும்புக் கருவிகளும், தறியில் நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட கற்களும், செப்பு ஊசியும் கிடைத்திருப்பதால், நூற்பது முதல் நெய்து தைப்பது வரையிலான வேலைகள் இங்கு நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சில்லுகளோ இன்னும் எளியவை. உடைந்த பானை வீணாகாமல், அதன் ஓடு ஒன்றின் விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கினால் பாண்டி ஆடச் சில்லு தயாராகிவிடும். எங்கள் தெருப் பிள்ளைகள் இன்றும் கட்டம் கிழித்து ஆடுவதால், இவற்றின் பயனை விளக்கப் பலகை படித்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. ஆக, ஆட்டம் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

எழுத்துப் பொறித்த ஓடுகளையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற ஆள்பெயர்கள் புழங்கும் பானைகளின் மேல் கீறப்பட்டுள்ளன, எழுதிய கைகளும் வெவ்வேறாகத் தெரிகின்றன. சோறோ தண்ணீரோ வைத்த தன் பானையில் தன் பெயரைக் கீறிக்கொள்ளும் அளவுக்கு எழுத்து வீட்டுக்குள் புழங்கியிருக்கிறது.

அடுத்த முறை போகிறவர்கள் ஆடையும் அணிகலன்களும் உள்ள கூடத்தில் முதலில் தக்களியிடம் நில்லுங்கள்; பிள்ளைகள் உடன் வந்தால், சில்லுகள் இருக்கும் பேழையை அவர்களே உங்களுக்கு விளக்கட்டும்.