மாலேயில் இரண்டு நாள்

மாலத்தீவுக்குப் போகிறவர்களில் பலர் மாலேக்குள் கால் வைப்பதே இல்லை. விமான நிலையம் ஹுலுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. வெளியே வந்ததும் படகு நிற்கும், நேராக ரிசார்ட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அந்தத் தலைநகரைத்தான் பார்க்க வேண்டும்.

2018-இல் திறந்த சினமாலே பாலம் வழியாகப் பேருந்தில் போனேன். சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான் தீவு. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள், இரு பக்கமும் உயர்ந்த மாடிகள், வழியெல்லாம் ஸ்கூட்டர்கள். மஜீதீ மகு கடைத்தெருவில் மாலை நேரத்தில் சாலையைக் கடக்கவே நேரம் பிடித்தது.

தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தெற்கே அட்டு என்ற தீவுக்கூட்டத்திலிருந்து வந்தவர். "பிள்ளைகள் படிப்புக்காக வந்தோம், அப்படியே தங்கிவிட்டோம்" என்றார். பெரிய மருத்துவமனை, மேற்படிப்பு, அரசு வேலை என்று எல்லாவற்றுக்கும் சின்னத் தீவுகளிலிருந்து இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடுகிறதாம். கடலை மேடாக்கி உருவாக்கிய ஹுலுமாலேயில் ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

இங்கே கிணற்று நீரைக் குடிக்க முடியாது. குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல்நீர். 2014 டிசம்பரில் உப்பு நீக்கும் ஆலையில் தீப்பிடித்தபோது ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றுபோனது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நாலு பக்கமும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை! அதை நினைத்தபடிதான் அன்று இரவு குழாயைத் திறந்தேன்.

தென்கரையில் நாலு கால் கொண்ட சிமென்ட் கட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1987-இல் பேரலைகள் ஊருக்குள் புகுந்த பிறகு ஜப்பான் உதவியோடு எழுப்பிய தடுப்பு அது. 2004 சுனாமியின்போது மாலேக்குப் பெரிய சேதம் வராமல் காத்ததில் அதற்குப் பங்குண்டு. அந்தக் கட்டிகளுக்குப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றிருந்தேன்.

1658-இல் பவளப்பாறைக் கற்களால் கட்டிய ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்தேன். அப்புறம் மீன் சந்தை. தோணிகள் கரைக்கு வந்து சூரை மீன்களை இறக்கிக்கொண்டிருந்தன. வலை இல்லை, தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்தவை. தரையில் வரிசையாகக் கிடக்க, வெட்டுகிறவர் கண் மூடித் திறப்பதற்குள் முள்ளை நீக்கித் துண்டுகளாக்கிவிடுகிறார்.

பக்கத்துக் கடையில் ஹிகிமஸ் என்ற காய்ந்த சூரை மீன் கட்டை கட்டையாக அடுக்கியிருந்தது. நம் தூத்துக்குடியில் சம்பலுக்கு இடிக்கிற அதே மாசிதான். மாலத்தீவின் திவெஹி மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். கடைக்காரரிடம் "மாசி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார், மரம் மாதிரி சத்தம் கேட்டது. அம்மாவுக்கென்று அரை கிலோ வாங்கிக்கொண்டேன்.