முன்னால் நின்ற வண்டி நாங்கள்தான்

பதினைந்து வருடமாக ரயிலில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி நடுவழியில் நின்றால் பெட்டிக்குள் யாராவது ஒருவர், "முன்னாடி ஏதோ வண்டி மக்கர் பண்ணுதாம்" என்பார். உடனே எல்லோரும் சேர்ந்து அந்த முன்னாடி வண்டியைத் திட்டுவோம். அதற்குள்ளும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. போன வியாழக்கிழமை தோன்றியது, ஏனென்றால் அதற்குள் இருந்தது நான்.

மாலை 6.40 இருக்கும். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று போகும் சத்தம். யாரும் சங்கிலியைத் தொடவில்லை. வண்டி தானாக முனகிக்கொண்டே நின்றுவிட்டது.

ஐந்தாறு நிமிடத்தில் டார்ச்சோடு ஒருவர் தண்டவாளத்து ஜல்லியில் தடுமாறிக்கொண்டே வந்தார். இரண்டு பெட்டிக்கு நடுவில் குனிந்து, கிழிந்த ரப்பர் ஹோஸைக் கையில் பிடித்துப் பார்த்தார். விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, அவ்வளவுதான். ஆயிரம் பேர் போகிற வண்டியை நிறுத்தியது அது.

என் சித்தப்பா எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் எனக்கு அவர் சொன்ன முதல் ரயில் பாடமே இதுதான்: "குழாயில காத்து இருக்கிற வரைக்கும்தான்டா பிரேக் விட்டிருக்கும். காத்து போச்சுன்னா பிடிச்சுக்கும்." ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869-ல் செய்த முதல் காற்று பிரேக் இதற்கு நேர்மாறு. குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872 வாக்கில் அவரே அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி, குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்தத் தொட்டிக் காற்றே பிரேக்கை அழுத்தும். ஆகவே நாங்கள் நின்றது கோளாறால் என்பதைவிட, கோளாறு வந்தால் என்ன நடக்க வேண்டுமோ அது நடந்ததால். இதைப் பெட்டியில் யாரிடமும் சொல்லவில்லை. அடி வாங்கியிருப்பேன்.

7.05-க்கு மனைவி போன் செய்தாள். அவள் வருவது எனக்கு அடுத்த வண்டியில்.

"வீட்டுக்குப் போயாச்சா? இங்க ஸ்டேஷன்லயே போட்டுட்டாங்க. முன்னாடி எந்தச் சனியனோ நின்னுடுச்சாம்."

"அந்தச் சனியன்லதான் நான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தாள். அப்புறம் அவள் சொன்னதுதான் விசேஷம்: "எங்க எஞ்சினை வேற கழட்டிட்டுப் போறாங்க!"

பழைய ஹோஸின் நட்டு இறுகிப்போய்க் கழலவில்லை என்பதால் எங்கள் டிரைவர் உதவி கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த எஞ்சின் அவள் வண்டியுடையது. அதைத்தான் எங்களை நோக்கி அனுப்புகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 7.20-க்கு இங்கே நட்டு கழன்றுவிட்டது. புது ஹோஸ் மாட்டியாயிற்று. சக்கரங்களுக்குப் பக்கத்தில் பிரேக் விடுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. எல்லோரும் எழுந்து பைகளைத் தோளில் மாட்டினார்கள். வண்டி நகரவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் எதிர்த்திசை வண்டிகள் விளக்கு வெளிச்சத்தோடு ஜாலியாகப் போகின்றன. எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவர் கார்டிடம் போய்ச் சண்டையே போட்டுவிட்டார்.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"உதவிக்கு எஞ்சின் கேட்டாச்சா?"

"கேட்டாச்சு சித்தப்பா. கிளம்பிடுச்சாம்."

"அப்ப நகரக் கூடாதுடா. தண்டவாளத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சிருப்பாங்க, அதுல ஒரு துண்டுதான் பிளாக். சாதாரணமா ஒரு பிளாக்குல ஒரு வண்டிதான். இப்ப விதியை விலக்கி ரெண்டாவதா ஒண்ணை உள்ள விட்டிருக்காங்க. நீங்க இந்த இடத்துல நிக்கிறீங்கன்னு நம்பித்தான் அவன் வர்றான். நீங்க முன்ன பின்ன நகர்ந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?"

வேகமாக வரும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். பார்த்துவிட்டுப் பிரேக் போடுகிற கதையெல்லாம் இங்கே நடக்காது. அதனால்தான் கார்டு அப்போதே சிவப்பு விளக்கோடு பின்னால் நடந்துபோய், தண்டவாளத்தின்மேல் வட்டமாக எதையோ கட்டிவிட்டு வந்திருந்தார். டெட்டனேட்டர். எஞ்சின் ஏறினால் வெடிக்கும், அந்தச் சத்தம்தான் டிரைவருக்கு எச்சரிக்கை.

7.50-க்கு இருட்டுக்குள் 'டமார்' என்றது. ஒரு குழந்தை அழுதது. கொஞ்சம் பொறுத்து இன்னும் சில வெடிகள். அப்புறம் ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு விளக்கு மெதுவாக வந்து, எங்கள் கடைசிப் பெட்டிக்குக் கொஞ்ச தூரம் முன்பே நின்றது. இறங்கி வந்து பேசினார்கள். இரண்டு நிமிடப் பேச்சு. எங்களை இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நாங்கள் சொந்தக் காலில் கிளம்பினோம். அந்த எஞ்சின் வந்த வழியே திரும்பிப் போனது.

அங்கே அது மறுபடி பெட்டிகளோடு சேர வேண்டும், குழாயில் காற்று ஏற வேண்டும், பிரேக் சோதனை முடிய வேண்டும். அதற்குள் அவள் வண்டிக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் சிவப்பில் நின்றுவிட்டனவாம். நான் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகி அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எஞ்சினை எடுத்துக்கிட்டு அதை உபயோகமாவது பண்ணினீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்றும் அவள் வண்டி எங்கோ பத்து நிமிடம் நின்றிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு வார்த்தையில் செய்தி வந்தது: "நீங்களா?"