மாமனார் பிரதமர், மருமகன் கேள்வி கேட்கிறார்

பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய எல்.ஐ.சி. பிரீமியம் ரசீதுகள் கிடைத்தன. கம்பியில் குத்தி, ஓரமெல்லாம் துருக்கறை. இப்படிக் கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்ட ஒரு எம்.பி. ஞாபகத்துக்கு வந்தார். ஃபெரோஸ் காந்தி. இந்திராவின் கணவர் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிற ஆள்.

1952-ல் ரேபரேலிப் பக்கமிருந்து மக்களவைக்கு வந்தவர், முதல் மூன்று வருடம் பெரிதாக வாய் திறக்கவில்லை. 1955 டிசம்பரில் எழுந்து, டால்மியா குழுமம் இன்சூரன்ஸ் பணத்தை எப்படிச் சொந்தக் காரியத்துக்குச் சுற்றிவிட்டது என்று விலாவாரியாகப் பேசினார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு கையில் எடுத்தது. அந்தப் பேச்சும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் பெரிய வெடி 1957 டிசம்பர் 16 அன்று. அந்த ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் 6 கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. முதலீட்டுக் கமிட்டியைக் கேட்காமல், அதுவும் சந்தை விலைக்கு மேலே கொடுத்து! எந்தத் தேதி, என்ன விலை என்று ஃபெரோஸ் சபையில் பிடித்த பிடியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி திணறிப்போனார். ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மாமனார் நேருவின் அரசை இப்படி உலுக்கினால் வீட்டில் சாப்பாடு இறங்கியிருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சரி, அது அவர்கள் வீட்டு விவகாரம். நீதிபதி சக்ளா எல்லாரும் பார்க்கும்படி விசாரணை நடத்தினார், 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார், முந்த்ரா அப்புறம் ஜெயிலுக்குப் போனார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, அவர் தனிநபர் மசோதாவாக (அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவருவது) கொண்டுவந்து 1956-ல் நிறைவேறிய ஒரு சட்டம். அதுவரை, சபையில் எம்.பி. எதைப் பேசினாலும் வழக்கு வராது, அதை அப்படியே அச்சடித்த பத்திரிகைக்காரர் மேல் வரலாம். உள்நோக்கமில்லாமல், உள்ளதை உள்ளபடி போட்டால் வழக்கு கிடையாது என்று மாற்றினார். முந்த்ரா விவகாரம் பேப்பர் பேப்பராக நாறியதற்கு இந்தச் சட்டமும் துணை.

1976-ல், நெருக்கடி நிலையில், அந்தச் சட்டத்தை ரத்து செய்தது யார் அரசு தெரியுமா? இந்திராவுடையதுதான். கணவர் இறந்து 15 வருடம் ஆகியிருந்தது. 1977-ல் ஜனதா அரசு வந்துதான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.