கங்காணி சொன்னதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

கம்பத்தில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் யாராவது ஒருவர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருவார்கள். அதனால் ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை நம் வாயால் மாற்றிச் சொல்வது, நடத்தும்போது நான் கைடு வாக்கியங்களைத் தொடுவதில்லை. தோட்டத்தில் கங்காணி சொன்னதை அம்மா வீட்டில் வந்து சொல்கிறாரே, அதைத்தான் எடுப்பேன்.

ஈஸ் வந்தால் வாஸ், வில் வந்தால் வுட், டுமாரோ வந்தால் தி நெக்ஸ்ட் டே. இந்த அட்டவணையைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். எழுதச் சொன்னால் 'ஹீ செட் தட் ஐ ஆம் நாட் கமிங்' என்று வரும். "நான் வரலைன்னு சொன்னான்" என்று பேசிப் பழகிய வாய் அல்லவா? அவன் சொன்னதை அப்படியே வைத்து 'ன்னு' போட்டால் நமக்கு வேலை முடிந்தது. இங்கிலீஷில் தட் போட்ட பிறகு ஐ என்றால், இப்போது பேசுகிற ஆள்தான். வராதவன் அவன், ஆப்சென்ட் விழுவது நமக்கு!

ஆகவே அட்டவணைக்கு முன்னால் ஒன்றைக் கேட்கச் சொல்வேன்: யார் யாரிடம், எங்கே நின்று, எப்போது சொன்னது?

கங்காணி சொல்கிறார்: "ஐ வில் பே யூ ஹியர் டுமாரோ." ஒரு வாரம் கழித்துக் கம்பத்தில் உட்கார்ந்து அம்மா இதைச் சொன்னால், "ஹீ டோல்ட் மீ தட் ஹீ வுட் பே மீ தேர் தி நெக்ஸ்ட் டே." ஐ ஹீ ஆனது, யூ மீ ஆனது. தோட்டம் மலைமேல் இருக்கிறது, அதனால் ஹியர் தேர் ஆனது. அதையே அன்று ராத்திரியே சொன்னால்? நாளை இன்னும் நாளைதான். "ஹீ செட் ஹீ வில் பே மீ தேர் டுமாரோ" என்பதும் சரியான இங்கிலீஷ். கைடு இதைச் சொல்லாது. ஆனால் பரீட்சையில் யார் எப்போது சொன்னார் என்று தெரியாது, அங்கே அட்டவணைப்படியே எழுதிவிடுங்கள். மார்க் முக்கியம்.

கட்டளை சுலபம்: "டோன்ட் பி லேட்" என்றால் "ஹீ டோல்ட் அஸ் நாட் டு பி லேட்." டோல்ட் வந்தால் யாரிடம் என்பது ஒட்டியே வர வேண்டும். 'செட் மீ' கிடையவே கிடையாது. எங்கள் ஊரில் அதிகம் சிவப்பு மை வாங்குவது இதுதான்.

கேள்வியில் வரிசை திரும்பும். "வேர் இஸ் யுவர் டாட்டர்?" என்பது "ஹீ ஆஸ்க்ட் மீ வேர் மை டாட்டர் வாஸ்" ஆகும். வாஸ் கடைசிக்குப் போய்விடும், கேள்விக்குறியும் போய்விடும்.

ஒருத்தி கேட்டாள், "மிஸ், எஸ்டேட் முதலாளி மலையாளத்துலதான பேசுவாரு, அத எப்படி எழுத?" நல்ல கேள்வி. மேற்கோள் குறி போட்டால் அதே சொற்கள் அவர் வாயிலிருந்து வந்ததாக ஆகிவிடும். மாற்றிச் சொல்லும்போது பொருள் சரியாக இருந்தால் போதும், மொழி எதுவானாலும் பரவாயில்லை. "ஊணு கழிச்சோ?" என்று அவர் அம்மாவிடம் கேட்டதை அவளே எழுதினாள்: "ஹீ ஆஸ்க்ட் மை மதர் இஃப் ஷி ஹேட் ஈட்டன்." ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு இஃப். அங்கே தட் போட்டிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.