அப்பாவின் பட்டா, அம்மாவின் ரெண்டாயிரம்

திருவாரூர் மாவட்டத்தில் எங்களுக்கு நாலரை மா நஞ்சை. ஏக்கரில் சொன்னால் ஒன்றரை. விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தில் அப்பாவுக்கு 2019 முதல் நாலு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350 ரூபாய், யூரியா ரெண்டு மூட்டை 533 ரூபாய். சம்பா நேரத்தில் கடன் சொல்லாமல் உரம் வாங்க அந்தப் பணம்தான் கைகொடுத்தது.

2023 கார்த்திகையில் அப்பா தவறிவிட்டார். அதன்பின் வந்த ஒரு தவணையை நாங்கள் தொடவில்லை. இறப்புச் சான்றோடு வேளாண்மை அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டோம். அம்மா பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அம்மா புதிதாகவே பதிய வேண்டும், அதற்குப் பட்டாவில் அவர் பெயர் ஏற வேண்டும்.

முதலில் எங்களை மிரட்டியது ஒரு தேதி. 1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. விண்ணப்பிக்கப் போன மையத்தில் இதைச் சொல்லியே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தடை கிடையாது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று ஏழு மாதம் ஓடியது. அம்மா, அக்கா, நான் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வந்தது. நான் வருமான வரி கட்டுகிறவன், எனக்குத் தகுதியில்லை. அம்மாவுக்கு மட்டும் போட்டோம்.

பணம் வாங்குகிறவர் அவர்தான் என்று ஆதார் மூலம் உறுதிசெய்கிற ஈ-கேஒய்சி வைக்கப் போனால் அம்மாவின் ரேகை பதியவே இல்லை. நாற்பது வருஷம் நாற்றுப் பறித்து நட்ட கை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "என் கையில ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று சாயங்காலம் திட்டத்தின் செயலியை என் போனில் இறக்கி, திண்ணை வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து முகத்தைக் காட்டினோம். ஒரே தடவையில் முடிந்தது. ரேகை தேய்ந்தவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இந்த வழியைப் பாருங்கள்.

ஒப்புதல் கிடைத்தது. இணையதளத்தில் பணம் செலுத்தியாகிவிட்டது என்று காட்டியது. பாஸ்புக்கில் வரவு இல்லை. வங்கியில் கேட்டால் ஆதார் இணைந்துதான் இருக்கிறது என்கிறார்கள். மூன்று முறை நடந்த பிறகு, ஆதார் தளத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நேரடி மானியத்துக்கு இணைந்திருந்தது வேறொரு வங்கி! நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்த கணக்கு, அம்மாவே மறந்துவிட்டார். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், மானியத்துக்கென்று கடைசியாக ஆதாரைச் சேர்த்த ஒரே கணக்குக்குத்தான் இந்தப் பணம் போகும். விண்ணப்பத்தில் நாம் எழுதிய கணக்கு எண் இதை மாற்றாது. நம் வங்கியில் அதற்கென்று தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழைய கணக்கில் பணம் பத்திரமாக இருந்தது. அப்பா போனதற்கும் அம்மா பதிந்ததற்கும் நடுவில் போன தவணைகள் மட்டும் வரவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கருமாதி முடிந்த கையோடு வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போடுங்கள்.

இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். ஊருக்கு முகாம் வந்த அன்று, ஆதார், சிட்டா, போன் மூன்றையும் மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே அம்மா போய் உட்கார்ந்துவிட்டார்.