செயின்ட் பேங்க்ரஸ் கூரை அட்டையில்: ஐந்து வளைவுகள் நின்றுவிட்டன

அக்காவைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது, செயின்ட் பேங்க்ரஸ் ரயில் நிலையத்தில் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். நடைமேடை, தண்டவாளம், நிற்கிற ரயில் எல்லாவற்றையும் ஒரே வளைவு மூடியிருக்கிறது. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அகலம் 240 அடி, உயரம் ஏறக்குறைய 100 அடி, நீளம் 689 அடி. வில்லியம் ஹென்றி பார்லோ என்ற பொறியாளர் வடிவமைத்தது. நிலையம் 1868 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பியதும் இதை அட்டையில் செய்து பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. தொடங்கி மூன்று மாதம் ஆகிறது.

அளவு 1:150 என்று வைத்துக்கொண்டேன். முழுக் கூரையையும் செய்தால் 1.4 மீட்டர் வரும், என் மேசை தாங்காது. அதனால் ஐந்து வளைவுகள், நான்கு இடைவெளிகள் மட்டும். அகலம் 49 செ.மீ., உயரம் 20 செ.மீ., ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 6 செ.மீ.

முதல் தவறு வரைபடத்திலேயே நடந்தது. காம்பஸை வைத்து ஒரே வட்டத்தின் துண்டாக வளைவை வரைந்தேன். வெட்டி நிறுத்திப் பார்த்தால் ஏதோ பாலத்தின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. நான் எடுத்த படங்களை மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது: அசல் வளைவு காலுக்குப் பக்கத்தில் சட்டென்று வளைந்து, மேலே போகப் போகத் தட்டையாகி, உச்சியில் லேசாக ஒரு முனையில் சேர்கிறது. பக்கவாட்டுக் காற்றைத் தாங்க அந்த முனை உதவும் என்பது பார்லோவின் கணக்கு. நிலையத்தின் முன்னால் பிறகு எழுந்த, கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் கோதிக் பாணி (கூர்முனை வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பியப் பாணி) ஹோட்டலோடும் அது அழகாகப் பொருந்திவிட்டது. இரண்டு விதமான வட்டங்களைச் சேர்த்து வரைந்தேன், முகம் வந்துவிட்டது.

அடுத்து வளைவுச் சட்டம். அசலில் இது ஆறடி தடிமனுள்ள இரும்புப் பின்னல். டெர்பிஷயரில் இருந்த பட்டர்லி கம்பெனி செய்து கொடுத்தது. என் அளவில் அது 12 மி.மீ. வரும். மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையில் கட்டர் வைத்துப் பின்னலை வெட்டப் பார்த்தேன். இரண்டு சாயங்காலம் போனது, சட்டம் முறுக்கிக்கொண்டது. அப்புறம் வழியை மாற்றினேன். பலகையில் வளைவின் வடிவத்துக்கு ஆணி அடித்து, மெல்லிய அட்டைப் பட்டைகளை ஃபெவிகால் தடவி நான்கு அடுக்காக அதன்மேல் வளைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. நடுவில் பின்னலுக்குத் தென்னை ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு இதற்கு அவ்வளவு கச்சிதம்! செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஆணியிலிருந்து எடுத்ததும் பட்டை கொஞ்சம் விரியும். அதனால் அச்சை இரண்டு மூன்று மி.மீ. குறுக்கி அடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே இருக்கும் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், 1852-ல் திறந்தபோது, கூரையின் வளைவுகள் இப்படித்தான் பலகைகளை அடுக்கி ஒட்டிய மரச்சட்டங்களாக இருந்தன. மரம் கெட்டுப்போகவே, சில பத்தாண்டுகளுக்குள் எல்லாவற்றையும் இரும்புக்கு மாற்றினார்கள். என் பட்டைகளுக்கு வார்னிஷ் இரண்டு தரம் பூசினதற்கு அந்தக் கதைதான் காரணம்.

ஐந்து வளைவுகளும் தயாரானதும், தெர்மாக்கோல் அடித்தளத்தில் குழி எடுத்து ஒட்டி நிறுத்தினேன். மேலே ஓஹெச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைக் கண்ணாடியாக ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் உச்சி ஒரு செ.மீ. இறங்கியிருந்தது. கால்கள் தெர்மாக்கோலைக் கிழித்துக்கொண்டு வெளிப்பக்கம் நகர்ந்திருந்தன. அன்றைக்கு மனது ரொம்ப வாடிப்போனது.

ஆனால் இந்தக் கூரையின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது கால்கள் அப்படி விரிந்ததுதான். வளைவின் மேல் பாரம் விழுந்தால் கால் வெளியே தள்ளும். அதை யாராவது உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். மற்ற பல நிலையங்களில் அந்த வேலையைக் கூரைக்குக் குறுக்கே ஓடும் இழுகம்பிகள் செய்கின்றன. 1905 டிசம்பர் 5 அன்று லண்டன் சேரிங் கிராஸ் நிலையத்தில் அப்படி ஒரு கம்பி அறுந்து, கூரையின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் இறந்துபோனார்கள். செயின்ட் பேங்க்ரஸில் அண்ணாந்து பார்த்தால் கம்பியே தெரியாது. ஏனென்றால் இழுத்துப் பிடிப்பது தரை. ரயில்களைச் சுமக்கும் தளத்தின் இரும்பு உத்தரங்களே இரண்டு பக்கக் கால்களையும் கட்டி வைத்திருக்கின்றன. நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரை மணி நேரமும், கூரையைப் பிடித்திருந்தது என் காலடியில் இருந்திருக்கிறது.

தளம் அங்கே வந்ததற்கும் காரணம் உண்டு. வடக்கிலிருந்து வரும் பாதை ரீஜென்ட்ஸ் கால்வாய்க்கு மேலாகத் தாண்டி வர வேண்டியிருந்ததால், நிலையம் தெருவைவிட உயரத்தில் அமைந்தது. கீழே கிடைத்த இடத்தை மண்போட்டு நிரப்பாமல், பீர் வடிப்புக்குப் பேர்போன பர்ட்டன் ஊரிலிருந்து ரயிலில் வரும் பீர் பீப்பாய்களுக்குக் கிடங்காக்கினார் பார்லோ. பீப்பாய்களை அடுக்க வசதியாகத் தூண்களுக்கு இடையே 14 அடி 8 அங்குலம். கூரை வளைவுகளுக்கு இடையே அதன் இரண்டு மடங்கு, 29 அடி 4 அங்குலம். நான் அளந்து வைத்த 6 செ.மீ. பீப்பாயிலிருந்து பிறந்த கணக்கு!

சரி, தெர்மாக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகைக்கு மாறினேன். ஒவ்வொரு வளைவின் இரண்டு காலுக்கும் துளை போட்டு, பலகைக்கு அடியில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினேன். உச்சியில் எவர்சில்வர் டிபன் மூடி ஒன்றை வைத்தேன். இம்மி அசையவில்லை. நரம்பைத் தட்டினால் வீணைத் தந்திபோல் ஒலிக்கிறது, அவ்வளவு இழுவை. சந்தோஷத்தில் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வளைவுகளை நேராக நிறுத்த, செருப்பு டப்பாவை வெட்டி ஒரு தாங்கி செய்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததற்கு நகர்த்தினேன். அசலைக் கட்டியபோதும் பெரிய மரச்சாரத்தைத் தண்டவாளத்தின்மேல் நகர்த்தி நகர்த்தித்தான் கட்டினார்கள்.

இனி வண்ணம். 2007-ல் புதுப்பித்தபோது பூசிய வெளிர் வான நீலத்தையே எடுத்துக்கொள்கிறேன். அக்ரிலிக் வெள்ளையில் நீலம் ஒரு சொட்டு, சாம்பல் அரைச் சொட்டு. இரண்டாவது முறை கலந்தது பிடித்திருக்கிறது. இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் யூரோஸ்டார் ரயில்கள் ஏறக்குறைய 400 மீட்டர் நீளம் என்பதால் பழைய கூரைக்கு வெளியே சேர்த்த தட்டைக் கூரையை நான் செய்யப் போவதில்லை. என் ஆசை பழைய வளைவின்மேல்தான். 1960-களில் இடிக்கும் பேச்சு வந்து, பலர் போராடி, 1967-ல் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்து நிறுத்திய கூரை அது.

பலகைக்கு அடியில் கிடங்குத் தூண்களையும் செய்ய வேண்டும். 3 செ.மீ. இடைவெளியில் ஈர்க்குத் துண்டுகளை நட்டு, நரம்பு வெளியே தெரிகிற மாதிரி முன்பக்கத்தைத் திறந்தே விடப் போகிறேன்.